சாயங்காலம் நாலு மணிக்குக் கோவளம் கரையில் யார் நிற்கிறார்கள்?

தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கும், செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகத்துக்கும், இந்தக் கரையைப் பற்றி முடிவெடுக்கிற மற்ற எல்லாருக்கும்,

வணக்கம்.

கேட்க வந்தது ஒரே விஷயம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவளத்தில், நீலக்கொடி (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கரைக்குக் கொடுக்கிற சர்வதேசச் சான்று) பறக்கிற பகுதியில் மட்டும் இல்லாமல் மொத்தக் கரையிலும், வருடம் முழுக்க, சம்பளத்துக்கு உயிர்காப்பாளர்கள் வேண்டும். அந்த வேலை அந்த ஊர் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கே சர்ஃபிங் (அலைச்சறுக்கு) சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் போக வேண்டும். ஏனென்றால் இன்றைக்கு அந்த வேலையைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். காசு வாங்காமல் பார்க்கிறார்கள், யாரும் கேட்காமல், யாரும் கொடுக்காமல்.

நான் சென்னைக்காரன். கோவளத்துக்கு அடிக்கடி வருகிறவன், அலைப் பலகையில் ஏறி நிற்கத் தெரியும், அவ்வளவுதான். கடல் தெரியும் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். சுற்றுலாவே வேண்டாம், ஊரை விட்டுவிடுங்கள் என்று எழுதுகிற ஆளும் இல்லை. சென்னையிலிருந்து 40 கிலோமீட்டர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம், வந்தால் காலையில் படகு கரையேறுவதைப் பார்க்கலாம், மணலிலேயே நடக்கிற ஏலத்தில் சங்கராவோ நெத்திலியோ வாங்கலாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்கா அதை அரிந்து செதில் எடுத்துக் கொடுப்பார், பிள்ளைகள் அலையில் குதிக்கலாம். ஒரே ஊருக்குள் தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் சிவன் கோயிலும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. முட்டுக்காட்டில் படகுத்துறை, கொஞ்சம் தள்ளி தட்சிணசித்ரா அருங்காட்சியகம். ஊருக்கு வரலாறும் உண்டு, 18-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு கோட்டை இருந்தது, 1752-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்து வெடிவைத்துத் தகர்த்தார், அந்த இடத்தில் இப்போது நட்சத்திர விடுதி நிற்கிறது. ஆக, ஒரு நாள் பயணத்துக்கு இதைவிட நல்ல ஊர் சென்னைக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஜனங்கள் வரத்தான் செய்வார்கள், வரட்டும்.

வருகிறவர்கள் எப்போது வருகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

கோவளத்தில் கடலைத் தெரிந்தவர்களின் நாள் விடியும் முன்பே தொடங்கிவிடும். மீனவர்கள் இருட்டிலேயே கிளம்பிப் போய்விட்டுக் காலையில் திரும்புவார்கள், ஏலம் முடியும், வலையை உதறி மடித்து வைப்பார்கள், வெயில் ஏறியதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மறுநாள் மறுபடியும் நடுராத்திரி தாண்டி எழுந்திருக்க வேண்டுமே. சர்ஃபிங் வகுப்புகளும் அதிகாலையில்தான். காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், அலை வழவழவென்று ஒழுங்காக வரும். வெயில் ஏற ஏறக் கடல்காற்று உள்ளே வந்து அலையைக் கலைத்துப்போடும், அப்புறம் கற்றுக்கொடுக்கவும் முடியாது, கற்றுக்கொள்ளவும் முடியாது. பத்து மணிக்குள் பலகைகளைக் கழுவி அடுக்கிவிடுவார்கள்.

சுற்றுலாக் கூட்டம் வருவது சாயங்காலம் நாலு மணிக்கு. வெயில் தணிந்ததும், மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, சிலர் இன்னும் வேறு சிலதையும் முடித்துக்கொண்டு. அது கடல் கலங்கிக் கிடக்கிற நேரம். எந்த இடத்தில் தண்ணீர் வெளியே இழுக்கிறது என்று அனுபவசாலிகளே கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய நேரம், வெளிச்சமும் வேகமாகக் குறையும். சுருக்கமாகச் சொன்னால், கடலைத் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, கடலைத் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்குக் கரையில் யார் பொறுப்பு? நீலக்கொடிப் பகுதியின் எல்லைக்குள் ஆள் உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால், வலை தைத்துக்கொண்டு தற்செயலாக உட்கார்ந்திருக்கிற அண்ணனும், பந்து விளையாட வந்த பையன்களும்தான்.

நீலக்கொடியைக் குறை சொல்லவில்லை. கோவளத்துக்கு அது 2021-இல் கிடைத்தது, அதே சமயத்தில் புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் கிடைத்தது. தண்ணீர் சுத்தம், கழிப்பறை, மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி என்று 33 அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள், டென்மார்க்கில் தலைமையகம் உள்ள அமைப்பு கொடுக்கிற சான்று, பெறுவது சுலபமில்லை. அந்த அளவுகோல்களில் உயிர்காப்பும் ஒன்று. அதனால்தான் அந்தப் பகுதியில் கண்காணிப்பு மேடை இருக்கிறது, மிதவை கட்டிக் குளிக்கும் எல்லை குறித்திருக்கிறது. ரொம்ப நல்லது. ஆனால் ஆபத்து அந்த வேலியைப் பார்த்து நிற்பதில்லை. கட்டுப்பாடு இருக்கிற இடத்தில் ஆட்டம் போட முடியாது என்று நினைக்கிற இளவட்டங்கள் சரியாக அதைத் தாண்டித்தான் போவார்கள், போகிறார்கள். கொடிக்காக உயிர்காப்பாளரை வைத்தால் கொடி பறக்கிற இடத்தோடு அவர் வேலை முடிந்துவிடும். அவரை ஜனங்களுக்காக வைத்தால் ஜனங்கள் நிற்கிற இடத்துக்கெல்லாம் அவர் போவார்.

இங்கே ஆட்கள் எப்படி மூழ்குகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்தால் பிரச்சினை ஆழத்தில் இருக்கிறது என்று நீங்கள் நம்புவதுபோலத் தெரிகிறது. 'ஆழமான பகுதி, குளிக்காதீர்கள்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆழம் இல்லை ஐயா. இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள்தான் போகிறார்கள்.

அலை கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. கொட்டிய தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் ஒரு மணல்மேடு இருக்கும், அலை அதன்மேல்தான் உடையும். அந்த மேட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அந்த வழியாகத் தண்ணீர் மொத்தமாகக் கடலுக்குள் ஓடும், கால்வாய் மாதிரி. மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, நீர் கொஞ்சம் கறுத்து அமைதியாகத் தெரியும். குழந்தையோடு வந்த குடும்பம் எங்கே இறங்கும்? இரண்டு பக்கமும் அலை அடிக்கிறது, நடுவில் அமைதியாக இருக்கிறது, வா இங்கே இறங்கலாம் என்று அதிலேயே இறங்கும். கடலில் ஏமாற்றும் இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துகிறவர் களைத்துப்போய்தான் மூழ்குகிறார். எதிர்க்காமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடைகிற இடத்துக்கு வந்துவிட்டால் அந்த அலையே கரையில் கொண்டுவந்து விடும். சர்ஃபிங் பழகுகிறவர்களுக்கு இது முதல் வார பாடம். கை வலிக்கத் துடுப்புப் போடாமல் உள்ளே போவதற்கு அதே நீரோட்டத்தைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட இடங்களிலும், பாறை ஓரங்களிலும், முட்டுக்காடு முகத்துவாரம் திறந்திருக்கும் காலங்களில் அந்தப் பக்கத்திலும் இந்த இழுப்பு இன்னும் மோசம். ஓதம் இறங்கிக் கடல்நீர் வற்றும் நேரத்தில் இன்னும் வேகம்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த மணல்மேடு ஒரே இடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் இந்தக் கரையோர மணல் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஒரு புயல் வந்து போனால் கரையின் உருவமே மாறிவிடும். போன மாதம் பத்திரமாக இருந்த இடம் இந்த மாதம் பத்திரம் இல்லை. ஆகவே சிமெண்ட் தூணில் நட்ட பலகையால் இதைச் சொல்லவே முடியாது. தினமும் கரையில் நின்று, தினமும் தண்ணீரைப் பார்க்கிற கண்ணால்தான் சொல்ல முடியும். அப்படிப்பட்ட கண்கள் கோவளத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உங்களிடம் பலகைகள் இருக்கின்றன.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரிப் பையன்கள் கூட்டம் ஒன்று, படகுகள் நிறுத்தியிருக்கிற பக்கமாக இறங்கியது. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து போய், "தம்பி, அந்தாண்ட போவாதீங்க, தண்ணி இழுக்குது" என்றார். ஒருவன் சிரித்தான், ஒருவன் "பெரியவரே, எங்களுக்கு நீச்சல் தெரியும்" என்றான். அவர் இரண்டு முறை சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார், ஆனால் ஊசியைத் தொடவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் இருக்கும். இருவர் வெளியே போய்விட்டார்கள், கையைத் தூக்கவும் தெரியவில்லை. பெரியவர் சத்தம் போட்டார், அந்தச் சத்தத்துக்கு எங்கிருந்தோ ஒரு பையன் பலகையோடு ஓடிவந்தான், பதினெட்டு வயதுகூட இருக்காது, அந்த இழுப்பிலேயே குதித்து அதிலேயே போய் ஒருவனைப் பலகையில் போட்டான், இன்னொருவனை அதன் பின்பக்கத்தைப் பிடிக்கச் சொன்னான், நேரே வராமல் தெற்கே சுற்றி அலையோடு கரைக்கு வந்தான். இரண்டு பேரும் வாந்தி எடுத்தார்கள், பிழைத்தார்கள். கூட்டாளிகள் அவர்களைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பையனின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. பலகையின் ஓரம் எதிலோ அடிபட்டு உடைந்திருந்தது, அதை அவன் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான், அது அவனுடையதும் இல்லை, சர்ஃபிங் பள்ளியுடையது.

பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "காக்கி போட்டவன் சொன்னா கேப்பாங்க. லுங்கி கட்டினவன் சொன்னா கேக்க மாட்டாங்க" என்றார். எனக்கு இதைவிடத் தெளிவான திட்ட அறிக்கை தேவைப்படவில்லை. அவருக்கு ஒரு சட்டையும் ஒரு விசிலும் கொடுங்கள், அதாவது அதிகாரத்தைக் கொடுங்கள். அறிவு ஏற்கெனவே இருக்கிறது.

காப்பாற்றப் போகிறவனுக்கு இருக்கிற ஆபத்தையும் நீங்கள் யோசிக்க வேண்டும். மூழ்குகிறவர் கிட்டே வருகிறவரைக் கட்டிப்பிடித்துக்கொள்வார், இருவரும் சேர்ந்து போவார்கள். நம் ஊர்ச் செய்திகளில் ஒருவர் மூழ்கினார் என்று வருவதைவிட, காப்பாற்றப் போன நண்பனும் மூழ்கினான், அண்ணனும் மூழ்கினான் என்று வருவது அதிகமாகத் தெரிவது இதனால்தான். இதற்குப் பயிற்சி இருக்கிறது, மிதப்பான் எதையாவது நடுவில் வைத்துக்கொண்டுதான் நெருங்க வேண்டும், பலகையோ டியூபோ வெறும் கேனோ ஏதோ ஒன்று. மீனவப் பையன்களுக்கு அந்தத் தைரியம் பிறவியிலேயே இருக்கிறது, சரி, ஆனால் தைரியத்தை நம்பி ஒரு துறை நடக்கக் கூடாது. கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது, உயிர்காப்புக்குச் சான்றிதழ்ப் பயிற்சியே நடத்துகிறது. அங்கே அனுப்புங்கள், இல்லை அவர்களை இங்கே கூப்பிடுங்கள். முதலுதவி, மூழ்கியவருக்கு மூச்சு கொடுக்கும் முறை, நெஞ்சை அழுத்தும் முறை, இதெல்லாம் முறையாகக் கற்றால் இன்னும் சில பேர் பிழைப்பார்கள். அப்புறம் காப்பீடு. பயணியைக் காப்பாற்றப் போன பையனுக்கு ஏதாவது ஆனால் அவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்பதை எழுத்தில் சொல்லுங்கள், வாய்ப்பேச்சில் வேண்டாம்.

உயிர் பிழைக்கவில்லை என்றால் அடுத்து என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். உடலைத் தேட மீனவர்களைத்தான் கூப்பிடுவீர்கள். படகு எடுக்கச் சொல்வீர்கள், அவர்கள் எடுப்பார்கள், எரிபொருள் அவர்களுடையது, அன்றைய பாடும் போச்சு. 2015 வெள்ளத்தில் சென்னைக்குள் தெருத்தெருவாகப் படகு ஓட்டி ஜனங்களைக் கரையேற்றியவர்களும் மீனவர்கள்தான், 2018-இல் கேரளத்திலும் அதேதான். ஒவ்வொரு முறையும் பாராட்டு விழா, பொன்னாடை. பொன்னாடைக்கு மாதச் சம்பளத்தின் மதிப்பு கிடையாது என்று யாராவது ஒரு மேடையில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கேரளத்தில் சுற்றுலாத் துறையே கடற்கரைகளில் உயிர்காப்பாளர்களை வைத்திருக்கிறது, அவர்களில் மீனவக் குடும்பத்து ஆட்கள் நிறைய. சம்பளம் போதவில்லை, நிரந்தரம் இல்லை என்று அவர்களுக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனாலும் அந்த வேலை என்று ஒன்று இருக்கிறது. கோவாவில் 2008-லிருந்து ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வழி பிடிக்காது, ஒப்பந்தக்காரர் நடுவில் வந்தால் ஊர்ப் பையனுக்கு எவ்வளவு போய்ச்சேரும் என்பது தெரிந்ததுதானே. மெரினாவில் நம் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமமே ஓர் உயிர்காப்புப் பிரிவை நடத்துகிறது. ஆக, தமிழ்நாட்டுக்கும் இது புதிது இல்லை. மெரினாவில் முடிந்தது 40 கிலோமீட்டர் தெற்கே ஏன் முடியாது?

அலைச்சறுக்குப் போட்டி நடத்தும்போது மட்டும் எல்லாம் சரியாக நடக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பே அங்கே நடந்தது, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார், அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர். பெருமையான விஷயம், அரசு செலவழித்தது சரியான செலவு. சர்வதேசப் போட்டி என்றால் மீட்புக் குழு இல்லாமல் அலையில் ஒருவரையும் இறக்க மாட்டார்கள். யோசித்துப் பாருங்கள், அங்கே இறங்குகிறவர்கள் நாட்டிலேயே நன்றாக நீந்துகிறவர்கள். அவர்களுக்கு மீட்புக் குழு, நீச்சலே தெரியாமல் புடவையோடு இறங்குகிற அத்தைக்கு வெறும் எச்சரிக்கைப் பலகை.

கோவளத்து சர்ஃபிங் கதையும் உங்களுக்கு நினைவிருக்கும். மூர்த்தி மேகவன் என்கிற மீனவர் வீட்டுப் பிள்ளை, முதலில் மரப்பலகையை வைத்துக்கொண்டு அலை ஏறிப் பழகியவர், 2012-இல் நண்பர்களோடு சேர்ந்து பள்ளி தொடங்கினார், அடுத்த வருடமே திருவிழா மாதிரி போட்டி வைத்தார்கள், இன்று ஊர்ப் பையன்கள் அதில் சம்பாதிக்கிறார்கள், போட்டிகளில் ஜெயிக்கிறார்கள். இது எந்தத் துறையும் திட்டம் போட்டுக் கொண்டுவந்தது இல்லை. கடல் தெரிந்தவன் கையில் பலகை கிடைத்தது, மீதி தானாக நடந்தது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு வேலை பாதி முடிந்துவிட்டது. நீந்தத் தெரிந்த, அலை தெரிந்த, ஊரைத் தெரிந்த, சுற்றுலாப் பயணியிடம் பேசத் தெரிந்த இளைஞர்கள் கையோடு இருக்கிறார்கள், வேறு எங்கும் போய் ஆள் தேட வேண்டாம்.

செலவு என்பீர்கள். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் என்று வையுங்கள், பத்துப் பேர், வருடத்துக்கு 24 லட்சம். பயிற்சி, பலகை, மிதப்பான், காப்பீடு என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் 'ஐ லவ்' என்று ஊர்ப் பெயர் போட்டு விளக்கு எரிய விடுவதை ஒரு இரண்டு ஊரில் தள்ளிப்போட்டாலே கொஞ்சம் தேறும். வாகன நிறுத்தத்தில் வருகிற காசு, நீர் விளையாட்டு நடத்துகிறவர்களிடமிருந்து வருகிற காசு, இதில் ஒரு பங்கைக் கரைக்கே ஒதுக்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழாது.

"ஜனங்கள் சொன்னால் கேட்பதில்லை, குடித்துவிட்டு இறங்குகிறார்கள்" என்று சொல்வீர்கள். உண்மைதான், பெரியவர் சொன்னதையும் கேட்கவில்லைதான். ஆனால் காணும் பொங்கலன்று மெரினாவில் என்ன நடக்கிறது? தடுப்பு கட்டி, போலீஸ் நிறுத்தி, லட்சக்கணக்கான பேரைத் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொள்கிறீர்கள். ஒரு நாள் முடிகிறது. கரையில் சீருடையோடு ஆள் நின்றால் ஜனங்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். மற்ற 364 நாளும் தடை என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனால் அது தடை இல்லை, நாளைக்கு யாராவது கேஸ் போட்டால் காட்டுவதற்கான ஆதாரம். அதோடு, கடலுக்கு வந்தவனை இறங்காதே என்று மட்டும் சொல்வது ஒரு காலும் எடுபடாது. இன்றைக்கு இங்கே இறங்கு, அங்கே இறங்காதே என்று சொன்னால்தான் எடுபடும். அதைச் சொல்லத்தான் ஆள் கேட்கிறேன்.

எச்சரிக்கை வருவதும் அது கரைக்கு வந்துசேர்வதும் வேறு வேறு என்பதை 2024 மே மாதம் பார்த்தோம். ஹைதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் மையம் கேரளத்துக்கும் தென்தமிழகத்துக்கும் 'கல்லக்கடல்' எச்சரிக்கை கொடுத்திருந்தது. எங்கோ தூரத்துத் தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய பேரலை, உள்ளூரில் காற்றே இல்லாமல், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கரைக்கு வந்து ஏறும். மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனார்கள். படித்த பிள்ளைகள், கையில் போன் வைத்திருந்த பிள்ளைகள். எச்சரிக்கை இணையத்தில் இருந்தது, செய்திகளில் இருந்தது. கடலைப் பார்த்தால் எதுவும் தெரிந்திருக்காது, அதுதான் அந்த அலையின் குணம். அந்தத் தகவலைக் காலையில் வாங்கி, சிவப்புக் கொடியாக்கி, மணலில் நட்டு, பக்கத்திலேயே நிற்கிற ஓர் ஆள்தான் அந்தச் சங்கிலியில் இல்லாத கண்ணி.

கோவளத்தில் இதை எப்படிச் செய்யலாம் என்றால், தினமும் காலையில் படகு திரும்பியதும், கடலுக்குப் போய்வந்த இரண்டு மூத்தவர்களும் சர்ஃபிங் பள்ளிகளில் ஒரு பயிற்சியாளரும் அந்தத் தகவல் மையத்தின் அன்றைய முன்னறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரையை ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். எங்கே மேடு, எங்கே இடைவெளி, வாடை பலமாக இருக்கிறதா, குப்பென்று பெரிய அலை வருகிறதா என்று பேசி முடிவெடுத்துக் கொடி நடட்டும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் குளிக்கலாம் என்பது உலகம் முழுக்கப் பழகிய வழக்கம், அதையே வையுங்கள். மதியம் மறுபடி ஒரு தடவை பார்த்துத் தேவைப்பட்டால் மாற்றட்டும். உயிர்காப்பாளர்களின் வேலை நேரத்தை அலுவலக நேரமாகப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. காலை பத்து முதல் மாலை ஐந்து என்று ஆணை வந்தால் அதைவிட வருத்தமான நகைச்சுவை இருக்காது. மதியம் மூன்றிலிருந்து இருட்டும்வரை, சனி ஞாயிறிலும் விடுமுறை நாட்களிலும் இரண்டு மடங்கு ஆள்.

ஆட்களை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் ஊர்ப் பஞ்சாயத்தையும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தையும் விட்டுவிட்டு எதையும் செய்யாதீர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, உயரம் இத்தனை சென்டிமீட்டர் என்று தகுதி போட்டால் கடலே பார்க்காத பிள்ளைகள் வேலைக்கு வருவார்கள், சிபாரிசு லெட்டர் கொண்டுவந்த ஆள் வருவார். கடலில் இறக்கி நீந்தச் சொல்லுங்கள், அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஓர் ஆளை இழுத்துவரச் சொல்லுங்கள், அதுதான் தேர்வு. பெண் பிள்ளைகளையும் எடுங்கள், இந்தக் கரையில் அலை ஏறுகிற பெண்கள் இப்போது இருக்கிறார்கள், தண்ணீரில் தத்தளிக்கிற பெண்ணை ஓர் ஆண் பிடித்துத் தூக்கினாலும் கரையில் கூட்டம் கத்துகிற ஊர் இது.

இன்னொன்று, இது நான் கேட்க வந்ததோடு ஒட்டியதுதான். படகு கரையேறுகிற இடத்தில் சுற்றுலாவை வைக்காதீர்கள். ஃபைபர் படகு ஓர் அலையைப் பிடித்துக்கொண்டு அதன் வேகத்திலேயே மணலில் ஏறும், அந்த நேரத்தில் அதைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அதற்கு நேர் எதிரே முழங்கால் தண்ணீரில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்து எனக்கே வயிற்றைக் கலக்கும், படகோட்டிக்கு எப்படி இருக்கும்? ஜெட் ஸ்கியும் வாழைப்பழப் படகும் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பாதை குறியுங்கள், வலை கிடக்கிற பக்கமும் குளிக்கிற பக்கமும் அது வரக் கூடாது. பாதை குறிக்கிறோம் என்று சொல்லிப் படகு நிறுத்துகிற மணலை எடுத்துக்கொள்வது மட்டும் வேண்டாம். கடலோர மண்டல வரைபடங்களில் மீனவர்கள் படகு நிறுத்தும் இடம், வலை காயும் இடம் எல்லாம் சரியாக வரவில்லை என்று ஊர் ஊராக ஏற்கெனவே புகார் இருக்கிறது. உயிர்காப்பாளராக நிற்கப்போகிற பையனின் அப்பாவுக்கு நிற்க இடம் இல்லாமல் செய்துவிட்டு அவனிடம் போய் உதவி கேட்க முடியாது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான் என்றாலும், அந்தக் காலத்தில் கரையோர ஊர்களில் பணப்புழக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதே இரண்டு மாதம்தான் பள்ளி விடுமுறை, கோவளத்தில் கூட்டம் அலைமோதுகிற காலம். பயிற்சியை ஜனவரி, பிப்ரவரியில் முடித்து, முதல் அணியை ஏப்ரல் நடுவில் இறக்கிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். கோவளத்தில் செய்து பார்த்துவிட்டு மாமல்லபுரத்துக்கும், கடலூர் சில்வர் பீச்சுக்கும், நீலக்கொடி வாங்கப்போகிற மற்ற கரைகளுக்கும் கொண்டுபோங்கள்.

கூட்டம் போட்டுப் பேசலாம் என்று நினைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வாருங்கள், அதிகாரிகள் எல்லாரும், மாலை ஏழு வரை இருங்கள். வண்டியைத் தர்கா பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே வாருங்கள், முன்னால் ஆள் அனுப்பிக் கூட்டத்தை ஒதுக்க வேண்டாம். வலை தைக்கிறவர்களோடு உட்கார்ந்து, இப்போது தண்ணீர் எங்கே இழுக்கிறது என்று கேளுங்கள். விரலை நீட்டிக் காட்டுவார்கள். அந்த இடத்தில் அந்த நிமிடம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு போய்க் கோப்பில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோவளத்துக்கு அடிக்கடி வந்துபோகிற ஒரு சென்னைவாசி